எடை குறைந்தால் போதுமா?

குறட்டை விட்டுத் தூங்குபவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. "என்ன சுகமான தூக்கம்!" என்கிறோம். உண்மையில் அது சுகமான தூக்கமா? சிலருடைய குறட்டை திடீரென்று நின்றுவிடும். பத்து விநாடி, இருபது விநாடி மூச்சே இராது. பிறகு பெரும் திணறலுடன் மூச்சு திரும்பும். இதுதான் தூக்க மூச்சுத்தடை நோய்.

நனைந்து தளர்ந்த காகிதக் குழாயால் இளநீரை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், குழாய் ஒட்டிக்கொள்ளும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு மிகுந்திருந்தால் மூச்சுப்பாதையும் இப்படித்தான் அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி விழிக்கிறது. இத்தடைகள் மணிக்கு 15 என்றால் நோய் நடுத்தரம். 30 என்றால் கடுமை. நாளடைவில் இரத்த அழுத்தம் உயரும், இதயமும் பாதிக்கப்படலாம்.

மிகுந்த உடற்பருமன் உள்ளவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் 1960களில் இதற்கு வழிகாட்டினார். இதனால் எடை குறைகிறது, மூச்சுத்தடையும் குறைகிறது. ஆனால் குறைவது வேறு, தீர்வது வேறு. 12 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கணக்கைப் பாருங்கள். அறுவைக்கு முன் மணிக்குச் சராசரி 55 தடைகள், பின்பு 16. நிமிடத்துக்கு ஒருமுறை தடைப்பட்ட மூச்சு, இப்போது நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தடைப்படுகிறது. பெரிய நன்மைதான். ஆயினும் 16 என்பது இன்னும் நடுத்தர நோயே!

ஆகவே அறுவைக்கு முன்பும் பின்பும் தூக்கப் பரிசோதனை வேண்டும் என்பது என் கருத்து. மயக்க மருந்தும் கடுமையான வலிநீக்கிகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். நோய் இருப்பது தெரியாவிட்டால் அறுவை முடிந்த இரவே ஆபத்து நேரலாம். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981இல் அறிவித்த காற்றழுத்த முகமூடி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். எடை குறைந்த மகிழ்ச்சியில், பரிசோதிக்காமலே அதைப் பரணில் போடுவது சரியல்ல.

ஆனால் பரிசோதனை எல்லோருக்கும் கிட்டுகிறதா? நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய இடங்களில் வாழும் லத்தீன் அமெரிக்க வழியினர் 14,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான நோய் இருந்தது. தமக்கு இந்நோய் உண்டு என்று முன்பே அறிந்திருந்தவர்களோ நூற்றுக்கு 1.3 பேர்தான்!

கருவியும் சில வேளை தவறுகிறது. விரலில் மாட்டும் பிராணவாயுமானி ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருமையான தோலின் நிறமி அந்த ஒளியை உறிஞ்சுவதால் அளவு பிசகலாம். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியும் உண்மையில் 88க்கும் கீழே இருந்த அளவுகள், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம்.

"அளவின்றி உண்டார்கள், அனுபவிக்கிறார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். அது அறிவியல் ஆகாது. மலிவான கொழுப்புணவு, இரவு வேலை, காப்பீடு இல்லாமை இவையெல்லாம் ஏழையின் குற்றமா? கத்தியைத் திறமையாகப் பிடித்தால் மட்டும் மருத்துவம் முழுமை பெறாது. யாருக்கு நோய் என்று கண்டறிவதிலும் நீதி வேண்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருடைய குறட்டையாவது இடையில் நின்று, திணறலோடு தொடர்கிறதா? சிரிக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணிய அந்த எண் ஓர் உயிரைக் காக்கலாம்.