அம்பு பேக் பிடிக்கத் தெரியுமா?

அவசர சிகிச்சைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் எதைக் கற்க ஆசை என்று கேட்டால், ஊசி போடுவது, மூச்சுக்குழாயில் டியூப் விடுவது, ஈசிஜி பார்ப்பது என்று பட்டியல் வரும். மயங்கிக் கிடப்பவரின் தாடையைப் பிடித்துத் தூக்கப் பழக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆம்புலன்ஸில் பல உயிர்கள் தங்குவதும் போவதும் அந்தத் தாடையைப் பொறுத்துத்தான்.

நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். மூச்சும் நின்றுவிட்டால் முகத்தில் மாஸ்க்கை வைத்து, அதோடு இணைந்த காற்றுப் பையான அம்பு பேக்கைக் கையால் அமுக்க வேண்டும். பார்த்தால் எளிய வேலை. முதல் முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்வார்கள்: மாஸ்க்கை முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். அழுத்த அழுத்தத் தாடை கீழே போகும், தொண்டை மேலும் அடைபடும், காற்று கன்னத்தோரம் புஸ்ஸென்று வெளியே வரும். மிச்சக் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியைக் கிளப்பும். சரியான பிடி இதற்கு நேர்மாறானது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றி வளைந்திருக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பில் கொக்கி போட்டு, முகத்தை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொண்டுவர வேண்டும். விரல் சதையில் பதியக் கூடாது, எலும்பில் நிற்க வேண்டும். சில நிமிடங்களிலேயே முன்கை கடுக்கத் தொடங்கும். பல் போன தாத்தா என்றால் கன்னம் குழிந்து காற்று கசியும். அவர் பல்செட் போட்டிருந்து, அது ஆடாமல் இருந்தால், கழற்றாமல் விடுவதே நல்லது. தாடி வைத்தவரின் முகம் தனிப் பாடம்.

எவ்வளவு அமுக்குவது என்பது அடுத்த சிக்கல். பெரியவர்களுக்கான பையில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று இருக்கும். ஒரு மூச்சுக்குத் தேவை 500, 600 மில்லி. மார்பு லேசாக எழும்பியதும் கையை விட்டுவிட வேண்டும். நாடித்துடிப்பு இருந்து மூச்சு மட்டும் நின்றவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு முறை போதும். பதற்றத்தில் இருக்கும் கைக்கு ஆறு விநாடி ஒரு யுகம். 2004இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இதயம் நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கொடுத்த மூச்சை ஆய்வாளர்கள் அளந்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 30. தேவையைவிட இரண்டு, மூன்று மடங்கு. அளவு மீறிய காற்று மார்புக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அந்த ஊழியர்கள் படிக்காதவர்கள் அல்லர். முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். மூளைக்குத் தெரிந்தது நெருக்கடியில் கைக்கு வரவில்லை.

அடிப்படை வேலையை அடுத்த கட்டத்துக்கான படிக்கட்டாக மட்டும் நினைப்பதும் தவறு. லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்ச் மாவட்டங்களில் 830 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. மூச்சுத் திணறிய குழந்தைகளில் சிலருக்கு மாஸ்க்கும் பையும் மட்டும். மற்றவர்களுக்கு டியூப் விடும் முயற்சியும் சேர்த்து. டியூப்பால் கூடுதலாகப் பிள்ளைகள் பிழைக்கவில்லை. மாஸ்க்கை ஒழுங்காகப் பிடித்த கை, டியூப் விட்ட கைக்குச் சளைத்ததாக இல்லை.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நல்ல சாட்சி உண்டு. 1960களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நோயாளிகளைப் போலீஸ் வேன்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். உள்ளே சிகிச்சை என்று எதுவும் கிடையாது. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை நிலைநாட்டிய மருத்துவர் பீட்டர் சாஃபர் அந்த ஊரில்தான் இருந்தார். 1966இல் அவருடைய மகள் ஆஸ்துமாவில் இறந்தாள். அடுத்த ஆண்டு ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவானது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பைச் சேர்ந்த, வேலையில்லாத இளைஞர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் உண்டு. சாஃபர் அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். பிறகு வந்த மருத்துவர் நான்சி கரோலின் அவர்களோடு ஆம்புலன்ஸிலேயே ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1975இல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை மூடியது. அது வேறு கதை, கசப்பான கதை. அங்கே செய்துபார்த்த பாடம்தான் பின்னாளில் அமெரிக்கப் பாராமெடிக் பாடத்திட்டத்துக்கு அடித்தளமானது.

ஆசிரியர் வண்டியில் ஏறினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்கள் முதல் உயிரியல் பட்டதாரிகள் வரை மருத்துவ உதவியாளர்களாகச் சேர்கிறார்கள். வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்து 50 நாள் பயிற்சி என்பது ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் வரி. இதைத் தவிர, விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பட்டப்படிப்பு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. படிப்பு குறைவு என்ற புகாரைவிடப் பெரிய கவலை, கற்ற கை துருப்பிடிக்க விடுகிறோமே என்பதுதான். மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சிபிஆர் திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மங்கத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கான சான்றிதழோ இரண்டு ஆண்டு செல்லும். அமெரிக்க இதய சங்கமே இதை உணர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடம் பொம்மையில் செய்துபார்க்கும் திட்டத்தை ஊக்குவிக்கிறது.

இன்னும் சாதாரணமான வேலைகளையும் பார்க்கலாம். மூச்சை எண்ணுவது. நோயாளியின் நிலை மோசமாகப் போவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சின் வேகம்தான். எண்ணாமலேயே 18 அல்லது 20 என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது உலகம் முழுக்க நடக்கும் கூத்து. அடுத்தது பிபி. வகுப்பறையின் அமைதியில் ஸ்டெதாஸ்கோப்பில் டக் டக்கென்று கேட்பது, சைரனும் மேடுபள்ளமுமாக ஓடும் வண்டியில் கேட்காது. அப்போது மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு காற்றை மெல்ல இறக்கி, நாடி திரும்பும் இடத்தைப் பார்த்து மேல் அளவை மட்டும் குறிக்க வேண்டும். கீழ் அளவு அந்த முறையில் கிடைக்காது. ஓடுகிற வண்டிக்குள் உட்கார வைக்காமல் இதை எப்படிச் சொல்லித்தர முடியும்?

மாணவர்கள் வார்டுக்கு அனுப்பப்படும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ரிப்போர்ட் வாங்கி வரவும்தான் முதலில் கூப்பிடப்படுகிறார்கள். அதுவும் வேலைதான். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் அறையில் ஒரு காலை நின்றால், நோயாளியின் சம்மதத்தோடும் மயக்க மருத்துவரின் கண் முன்னாலும் உண்மையான முகங்களில் மாஸ்க் பிடிக்கும் வாய்ப்புக் கிடைக்கும். பொம்மையின் ரப்பர் தாடை அதைத் தராது. முதலாண்டு மாணவரை அங்கே நிறுத்துவதற்குப் புதுக் கட்டடமோ புதுக் கருவியோ தேவையில்லை. துறைகளுக்குள் ஓர் ஒப்பந்தம் போதும். தேர்விலும் ஒரு மாற்றம் வேண்டும். முதலாண்டில் தேறிய அடிப்படைத் திறன்களை ஒவ்வோர் ஆண்டும், இன்டர்ன்ஷிப்பின் கடைசி மாதத்திலும், முன்னறிவிப்பில்லாமல் மறுபடி சோதிக்க வேண்டும். மார்பை 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துகிறாரா என்று பொம்மையில் உள்ள விளக்கே சொல்லிவிடும். மார்க் போட ஆசிரியரின் தயவும் தேவையில்லை.

வேலையில் இருப்பவர்களுக்கு? ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்தோறும் ஒரு சிபிஆர் பொம்மையும் பழைய அம்பு பேக் ஒன்றும் இருந்தால், அழைப்பு வராத நேரத்தில் பத்து நிமிடம் செய்துபார்க்கலாம். 12 மணி நேர ஷிஃப்டில் அலுத்துக் கிடப்பவரிடம் இன்னொரு வேலையா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இதை அவரவர் ஆர்வத்துக்கு விடக் கூடாது. பணி நேரத்துக்குள், சம்பளக் கணக்கில், லாக் புக்கில் கையெழுத்தோடு நடக்க வேண்டும். பைலட் எனப்படும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் கூடவே செய்துபார்க்க வேண்டும். மாஸ்க்கை ஒருவர் இரண்டு கையாலும் பிடிக்க, மற்றவர் பையை அமுக்குவதே ஒற்றைக்கைப் பிடியைவிடக் காற்றை நன்றாக உள்ளே கொண்டுசேர்க்கும்.