துப்பாக்கியோடு ஒரு மனிதர்

கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. வேட்டைத் துப்பாக்கி அங்கிருந்து விடைபெற்றது. இன்று இப்பகுதி மக்கள் துப்பாக்கியை அருகில் பார்ப்பது வங்கி வாசலில்தான். இரட்டைக்குழலைத் தோளில் மாட்டி நிற்பவர் பெரும்பாலும் முன்னாள் படைவீரர். பல இடங்களில் துப்பாக்கியும் உரிமமும் அவருடையவையே. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அந்த உரிமத்தை அவர் உரிய காலத்தில் புதுப்பித்தாக வேண்டும். தவறினால் வேலையும் போகும்.

சென்ற வாரம் நகைக்கடனை மீட்க வந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடப்பா" என்று சீட்டை நீட்டினார். அவரும் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுதிக் கொடுத்தார். ஒருமுறைகூடச் சுடாமல் பணி முடிப்பதே அவருக்குப் பெருமை. ஆனால் 'சொந்தத் துப்பாக்கி உள்ளவர் தேவை' என்று கேட்கும் வேலையில், சம்பளம் மனிதருக்கா, இரும்புக்கா? அந்தக் கையெழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டென்பதே என் கட்சி.