ஈசிஆர் அகலமாகட்டும், நீர்வழி குறுக வேண்டாம்

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஞாயிற்றுக்கிழமைச் சாலை. பல்லாவரம் வந்து, ரேடியல் சாலை வழியாகத் துரைப்பாக்கம் போய், சோழிங்கநல்லூரில் இடப்பக்கம் திரும்பினால் அக்கரை. அங்கிருந்து முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம். மற்ற நாட்களில் அந்தச் சாலையை நாம் நினைப்பதில்லை. ஆனால் அதை அகலப்படுத்துவதும் உயர்த்துவதும் தென்புறநகர் முழுவதற்கும் சம்பந்தப்பட்ட விஷயம். காரணம் போக்குவரத்து மட்டுமல்ல, மழைநீர்.

இந்தக் கடற்கரையின் பழைய நெடுஞ்சாலையே தண்ணீர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கி, 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் இணைக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் வந்தன. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை நீண்ட வழி அது. புயலும் ரயிலும் லாரியும் அதன் தொழிலைப் பறித்தன. அதன்பின் குப்பங்களை இணைத்த குறுகலான ஊர்ச்சாலைகள்தான் மிச்சம். அவற்றைக் கோத்து, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியுடன், கடலூர் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களில் உருவாயிற்று. மணல்மேடும் சவுக்குத் தோப்பும் அழியும் என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. 2002இல் சுங்கம் வந்தது. பிறகு மாமல்லபுரம் வரை நான்கு வழி ஆயிற்று.

இப்போது இரண்டு பெரிய வேலைகள் கைவசம் உள்ளன. திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை சுமார் 14 கி.மீ. உயர்மட்டச் சாலை, மதிப்பு 2,100 கோடி ரூபாய் என்று மாநில அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மாமல்லபுரம்–புதுச்சேரி தடத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நான்கு வழியாக்குகிறது. அதன் கடைசிப் பகுதியான மரக்காணம்–புதுச்சேரி 46 கி.மீ. சாலைக்கு 2,157 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. இரண்டுமே தேவைதான். கொட்டிவாக்கத்திலும் நீலாங்கரையிலும் மாலை நேர நெரிசலில் சிக்கியவர் யாரும் இதை மறுக்க மாட்டார். ஆனால் உத்தண்டியில் பாலம் இறங்கியதும் அதே வண்டிகள் கானாத்தூரில் வந்து நிற்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என் கவலை வேறு. மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியாக முட்டுக்காடு முகத்துவாரம். ஈசிஆர் பாலத்தின் அடியில் நுழைந்துதான் கிழக்குத் தாம்பரத்து மழை கடலைச் சேர்கிறது. பாலத்தின் மேற்கே படகுக் குழாம். கிழக்கே அலை ஒதுக்கிய மணல் வாயை மூடிக்கொள்ளும். பொக்லைன் வைத்துத் தோண்டித் திறந்துவிட வேண்டும். அந்த வாய் அடைத்திருக்கையில் கனமழை வந்தால் கால்வாயில் நீர் ஏறும். ஏறினால் மடுவு வடியாது. பள்ளிக்கரணையும் மேடவாக்கமும் நாள்கணக்கில் முழங்கால் நீரில் நிற்கும்.

சாலை அணையாக மாறினால் என்ன ஆகும் என்பது நம் பகுதிக்குத் தெரியாததல்ல. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி பொழிச்சலூர், அனகாபுத்தூர் வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றின் மேல்பகுதியில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியபோது, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் கரையும் போதாத சிறுபாலங்களுமே அன்று பேச்சாக இருந்தன. ரேடியல் சாலை பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்து போவதை அவ்வழி செல்பவர் தினமும் பார்க்கிறார்.

ஈசிஆரின் வடபகுதிக்கு இன்னொரு இயல்பு உண்டு. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் அந்த மணல் மழையைக் குடித்து நிலத்தடி நீராக வைத்திருக்கும். கோவளம் வடிநிலத் திட்டத்தில் அங்கே கான்கிரீட் வடிகால் கட்ட மாநகராட்சி முனைந்தபோது, மணலே வடிகால் என்று சொல்லிக் குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். உயர்மட்டச் சாலையின் தூண்களை ஊன்றும்போதும் அணுகுசாலை அமைக்கும்போதும் அதே கேள்வி வரும். தெற்கே மரக்காணத்தில் உப்பளங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமான கழுவெளி ஏரியும், அது கடலோடு சேரும் கழிமுகமும் இருக்கின்றன; நான்கு வழியாகும் சாலை அங்கும் நீர்வழியைக் குறுக்கிவிடக் கூடாது.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது எளிது. ஒவ்வொரு பாலத்துக்கும் சிறுபாலத்துக்கும் எவ்வளவு நீர் வரும், எவ்வளவு திறப்பு விடுகிறோம் என்ற கணக்கைப் பழைய மழைப்பதிவை வைத்துப் போடாமல், 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் சேர்த்துப் போடுங்கள். ஒப்பந்தம் கோருவதற்கு முன்பே நீர்வளத் துறையின் ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் கணக்கைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சாலையைக் கடந்து கடலுக்குப் போகும் மீனவர் கால்நடையாகத் தாண்ட வழி விடுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் கடலோரக் குப்பத்துக்காரர்களின் வேலை என்று தாம்பரம், மேடவாக்கம் வாசிகள் ஒதுங்க வேண்டாம். முட்டுக்காட்டுப் பாலத்தின் அகலம் அவர்கள் வீட்டு வாசலில் தேங்கும் தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கும்.