ஆபரேஷன் முடிந்த குழந்தை அழும்வரை காத்திருக்காதீர்கள்!

காலையில் குடலிறக்க ஆபரேஷன். மாலையே டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்த குழந்தை சிரித்துப் பேசி, இட்லியும் சாப்பிடுகிறது. 'வலியே இல்லைபோல' என்று, டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மருந்தை அலமாரியில் வைத்துவிடுகிறோம். இரவில் குழந்தை வீறிட்டு அழ, தையல் பிரிந்துவிட்டதோ என வீடே பதறுகிறது.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்... ஆபரேஷனின்போது போட்ட மரத்துப்போகும் ஊசியின் வேலை முடிந்திருக்கும்.

அது என்ன ஊசி?

முழு மயக்கத்தில் குழந்தை தூங்கும்போதே, ஆபரேஷன் நடக்கும் பகுதியின் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியையும் பல மருத்துவமனைகளில் போடுகிறார்கள். குடலிறக்கம், சுன்னத் போன்ற தொப்புளுக்குக் கீழான ஆபரேஷன்களுக்கு, முதுகின் அடியில் வால் எலும்புக்குச் சற்று மேலே போடுவது 'காடல் பிளாக்'. இதனால் மயக்க மருந்தும், மார்ஃபின் போன்ற மருந்துகளும் குறைவாகவே தேவைப்படும். வாந்தியும் குறையும்.

'முதுகுல ஊசின்னா பிள்ளை நடக்க முடியாமப் போயிடுமா?' என்பது பல அம்மாக்களின் பயம். தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் இந்த ஊசி போடப்படுகிறது. நிரந்தர பாதிப்பு மிக மிக அரிது.

பச்சிளம் குழந்தைக்கு வலியே தெரியாது என்று மருத்துவ உலகில் பலர் நம்பிய காலமும் உண்டு. போதிய வலி மருந்து இல்லாமலே ஆபரேஷன்கள் நடந்தன. 1987-ல் டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அதை மாற்ற உதவியது. இதய ஆபரேஷனின்போது வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு, பிறகு வந்த சிக்கல்கள் குறைவாக இருந்தன.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

* காடல் பிளாக்கின் பலன் பொதுவாகச் சில மணி நேரம்தான். அது முழுதாகத் தெளிவதற்குள் முதல் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும். அதன்பின் அழுகையைப் பார்த்தல்ல, கடிகாரத்தைப் பார்த்து, டாக்டர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள்.

* மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் சிரப், 5 மி.லி-க்கு 120 மி.கி, 250 மி.கி என இருவகையில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி-யிலேயே 100 மி.கி இருக்கலாம். லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

* ஆஸ்பிரின் கூடவே கூடாது. 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு கோடீன் கலந்த மருந்தும் வேண்டாம்.

* கால் மரத்திருக்கும்வரை தனியாக நடக்க விடாதீர்கள். சூடான ஒத்தடமும் கூடாது.

* பேசத் தெரியாத குழந்தையின் முகச்சுளிப்பு, கால் உதைப்பு, உடல் நெளிவு, அழுகை, தூக்கினால் சமாதானமாகிறதா... இந்த ஐந்தையும் கவனியுங்கள். மருத்துவர்களும் இவற்றுக்கு மதிப்பெண் போட்டே வலியை அளக்கிறார்கள். அழாமல் சுருண்டு கிடப்பதும் வலியாக இருக்கலாம்.

மருந்து கொடுத்தும் வலி அடங்காவிட்டாலோ, காய்ச்சல், ரத்தக்கசிவு இருந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மறுநாளும் கால் மரத்தே இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். 'மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா? அது எத்தனை மணிக்குத் தெளியும்? முதல் வலி மருந்தை எப்போது கொடுக்க வேண்டும்?' பதிலை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டால், அன்றைய இரவு குழந்தையும் தூங்கும், நீங்களும் தூங்கலாம்!