திருச்சூர் நகர மின்விநியோகம் ஊர்க்கையிலேயே நிலைக்க வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள், உள்ளாட்சித் துறை, கேரள அரசு, திருவனந்தபுரம்.

நகல்:
மின்துறைச் செயலாளர்; கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்; திருச்சூர் மாநகராட்சி மேயர்.

பொருள்: மாநகராட்சி மின்பிரிவுக்குத் தனிக் கணக்கு, தனிப் பணியாளர், எல்லைத் தெருக்களில் தெளிவான அடையாளம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திருச்சூரின் பழைய நகராட்சி எல்லைக்குள் வாழும் தமிழ்க் குடும்பத்தாரும் கடைக்காரர்களும் அடங்கிய எங்கள் சங்கத்தின் சார்பில் இம்மனுவைப் பணிவுடன் அளிக்கிறோம். தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருப்பதால், இதைத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம்.

கேரளத்தில் சொந்த உரிமத்தில் மின்சாரம் விநியோகிக்கும் உள்ளாட்சி அமைப்பு திருச்சூர் மாநகராட்சி ஒன்றுதான். இந்த உரிமை எங்கள் ஊருக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1936இல் கொச்சி திவான் ஆர்.கே. சண்முகம் செட்டியார் நகர மின்விநியோகத்தைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க முனைந்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது. இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ.ஆர். மேனன் போன்றோர் முன்நின்ற அந்தக் கிளர்ச்சியில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக நின்றார்கள். செட்டியார் கோயம்புத்தூர்க்காரர், எங்கள் மொழிக்காரர், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அவர்மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு காரியத்தில் நியாயம் ஊரார் பக்கம்தான் இருந்தது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மின்பிரிவு ஊருக்குள்ளேயே இருப்பதன் அருமையைப் பூரத்தன்று பார்க்கலாம். விடியற்காலையில் கணிமங்கலம் சாஸ்தாவின் பூரம் புறப்பட்டு வடக்குநாதர் கோயிலை நோக்கி வரும். யானைமேல் கோலமும் அதற்கு மேல் பட்டுக்குடையும் ஏறிவிட்டால், தெருவின் குறுக்கே ஓடும் கம்பிக்கும் குடைக்கும் இடையே அதிக இடம் இருக்காது. லைன்மேன் முன்கூட்டியே வந்து ஏ.பி. ஸ்விட்சை இறக்குவார், லைனில் எர்த் ராடை மாட்டுவார், பிறகுதான் யானைக்காரருக்குக் கையசைப்பார். யானை கடந்த சற்று நேரத்தில் வீடுகளில் மின்விசிறி சுற்றும். எந்தச் சந்தில் எந்தக் கம்பி தாழ்ந்திருக்கிறது, எந்தப் பலாமரம் மழையில் சாயும் என்பதெல்லாம் அந்த மனிதருக்கு மனப்பாடம். இந்த அறிவு ஒரு வரைபடத்திலும் கிடைக்காது. அதை இழக்க நாங்கள் தயாராக இல்லை.

இனி பணத்தைப் பற்றி. எங்கள் முதன்மையான கோரிக்கையும் இதுவே. மாநகராட்சி மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை. மாநில மின்வாரியத்திடம் மொத்த விலைக்கு வாங்கி எங்களுக்கு விற்கிறது. வீட்டுக்காரரும் கடைக்காரரும் தரும் சில்லறைக் கட்டணம் மாநிலம் முழுவதும் ஒன்றே. மொத்த விலையை மட்டும் ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு உரிமதாரருக்கும் அவருடைய வாடிக்கையாளர் வகையைப் பார்த்துத் தனித்தனியே நிர்ணயிக்கிறது. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் நிறைந்த ஊர் என்பதால் வசூல் கூடுதலாக இருக்கும். அதற்கேற்ப மொத்த விலையும் ஏறும். இடையில் மிஞ்சுவதைக் கொண்டுதான் டிரான்ஸ்பார்மர் மாற்ற வேண்டும், கேபிள் புதைக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். சாலையும் சாக்கடையும் அவசியமே. அவற்றுக்கு வரி இருக்கிறது. கரண்ட் பில்லாக நாங்கள் கட்டும் பணம் கரண்டுக்கே செலவாக வேண்டும். ஆகவே மின்பிரிவுக்குத் தனி வங்கிக் கணக்கும், தனி ஆண்டுத் தணிக்கையும், டிரான்ஸ்பார்மர் புதுப்பிப்புக்கென ஒதுக்கி வைக்கும் நிதியும் கட்டாயம் என அரசு ஆணையிட வேண்டும். அந்த வரவுசெலவை எல்லாரும் படிக்கும்படி வார்டு அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

மின்பிரிவில் காலியாகும் பணியிடங்களை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். கம்பத்தில் ஏறப் பழகியவரை வேறு பிரிவுக்கு மாற்றக் கூடாது. ஓய்வு பெறப்போகும் லைன்மேனுடன் புதியவர் ஓராண்டாவது சேர்ந்து நடந்தால்தான் ஊர் அவருக்குப் பிடிபடும்.

2000 அக்டோபரில் மாநகராட்சி உருவானபோது அய்யந்தோள், ஒல்லூக்கரை, கூர்க்கஞ்சேரி, வில்வட்டம் முதலிய ஊராட்சிகள் நகரோடு சேர்ந்தன. மின்பிரிவின் எல்லையோ பழைய நகராட்சியோடு நின்றுவிட்டது. சேர்ந்த பகுதிகளுக்கு மின்வாரியமே மின்சாரம் தருகிறது. வீட்டுவரி ஒரே இடத்தில், கரண்ட் பில் இரண்டு இடங்களில். இடவப்பாதி மழையில் தென்னைமட்டை கம்பியில் விழுந்து பொறி பறக்கும்போது, இருட்டில் நிற்கும் ஒரு மூதாட்டிக்கு எந்த எண்ணுக்குப் போன் செய்வதென்று எப்படித் தெரியும்? எல்லையை விரிக்கும்படி இப்போது நாங்கள் கேட்கவில்லை. அது பெரிய விவாதம், அவசரப்பட்டு முடிக்கக் கூடாதது. எல்லைத் தெருக்களில் ஒவ்வொரு கம்பத்திலும் யாருடைய கம்பம், கம்ப எண், அவசரத் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் பெயின்டில் எழுதினால் போதும். ஒரு வாளி பெயின்டும் சில நாள் வேலையும்தான்.

மின்நுகர்வோர் உரிமை விதிகளின் 2024ஆம் ஆண்டுத் திருத்தப்படி நகராட்சிப் பகுதியில் புதிய இணைப்பை 7 நாளுக்குள் தர வேண்டும். இந்தக் கெடுவையும், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைய வேண்டிய குறைதீர்க்கும் மன்றம் கூடும் நாளையும் ஒவ்வொரு பில்லின் பின்பக்கத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் அச்சிடக் கோருகிறோம்.

அடுத்த பூரத்துக்கு முன்பாகத் தாங்கள் ஒரு நாள் ஒதுக்கினால், எங்கள் நிர்வாகிகள் ஐவர் திருவனந்தபுரம் வந்து நேரில் விளக்கத் தயாராக இருக்கிறார்கள். எல்லைத் தெருக்களின் பட்டியலைக் கம்ப வாரியாகத் தயாரித்து உடன் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்களின் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
திருச்சூர்