இருட்டும் கத்தரிக்காயும்

சாப்பாட்டைப் படம் எடுப்பதா, அதற்கொரு கட்டுரையா என்று கேட்கிற நண்பர்களுக்கும், எதை எடுத்தாலும் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு 'மூட்' வந்துவிட்டதாகத் திருப்திப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரு தரப்பாருக்கும் இருட்டு வெறும் அலங்காரம். அதனாலேயே முன்னவர்கள் ஒதுக்குகிறார்கள். அதனாலேயே பின்னவர்கள் கொண்டாடுகிறார்கள்.

என் 'ஸ்டூடியோ' என்பது வடக்கு ஜன்னலுள்ள ஓர் அறை. வைகாசி, ஆனியில் நேர் வெயில் எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு வெள்ளை வேட்டி. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாக்கோலை வைத்தால் வெளிச்சம் திரும்பி வந்து நிழலைக் கரைக்கும். கறுப்பு அட்டையை வைத்தால் வெளிச்சத்தை விழுங்கி நிழலை ஆழமாக்கும். காமிரா முக்காலியில். துவாரத்தைச் சுருக்கி, ஒன்றிரண்டு வினாடி திறந்து வைக்க வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவுதான், ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். எதை இருட்டில் விடுவது, ஏன் விடுவது என்பதை யாரும் கற்றுத்தருவதில்லை.

ஸ்பெயின் தேசத்து சாஞ்செஸ் கோட்டான் 1602 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்றில் சீமைமாதுளையும் முட்டைக்கோஸும் கயிற்றில் தொங்குகின்றன. கீழே விளிம்பில் முலாம்பழம், வெள்ளரிக்காய். பின்னால் முழுக் கறுப்பு. காய்கனி சீக்கிரம் கெடாமலிருக்கக் கட்டித் தொங்கவிடுவது அக்கால வழக்கம். எனவே அது சமையல்கட்டு மாடத்தின் இருட்டு. அழுகலோடு போராடுகிற இருட்டு. 1603இல் அவர் புலால் உண்ணாத கார்த்தூசியத் துறவிகளோடு சேர்ந்துவிட்டார். இதற்கு நேர்மாறாக, இருட்டுக்குப் பேர்போன காரவாஜ்ஜோ அதே காலத்தில் வரைந்த பழக்கூடைக்குப் பின்னணி வெளிச்சமானது. ஆனால் ஆப்பிளில் புழுத்துளை. இலைகள் சுருண்டு காய்கின்றன. அதைவிடச் சோகமான கூடையை நான் பார்த்ததில்லை. துக்கம் பண்டத்தில் இருக்கிறது, துணியில் இல்லை.

நானும் யோக்கியன் அல்ல. ஒருமுறை கத்தரிக்காய்களுக்குப் பளபளப்பாக வார்னிஷ் தடவி, பனித்துளிக்குக் கிளிசரின் தெளித்து எடுத்தேன். படத்தைப் பலர் பாராட்டினார்கள். "முடிஞ்சுதா, குழம்புக்கு எடுத்துக்கட்டுமா?" என்று வீட்டில் கேட்டபோது கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆறு கத்தரிக்காய் குப்பைக்குப் போயிற்று. அந்தப் படத்தை இன்றுவரை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. காய்கறித் துண்டுகள் மேலே தெரிய வேண்டுமென்று சூப்புக் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டு போட்டு விளம்பரம் எடுத்தது காம்ப்பெல் கம்பெனி. 1970இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதற்குத் தடை போட்டது. விற்பவனுக்காவது கேட்க ஆளிருக்கிறது. கலை என்று சொல்லிக்கொண்டு செய்கிற எனக்கு?

எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். ஜோடனைதான்; ஆனால் மிளகாய் மிளகாயாகவே இருந்தது. அப்படி எடுத்த மிளகாய்களைச் சாப்பிட்டதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பொருளை நகர்த்துவது பொய்யில்லை. பொருளை அதுவாக இல்லாமல் ஆக்குவதுதான் பொய்.

படம் முடிந்ததும் பண்டம் அடுப்புக்குப் போக வேண்டும். இப்போது என் விதி இது ஒன்றே. இதனால் படம் நன்றாக வந்துவிடுமா? வராது. மோசமான படத்துக்குப் பிறகும் குழம்பு மிஞ்சும், அவ்வளவுதான். ஆனால் கீரை வாடுவதற்குள் எடுத்தாக வேண்டும், சோறு ஆறுவதற்குள் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடுகிறது. அந்த நெருக்கடியிலிருந்து வருகிற நிழல் வேறு மாதிரி இருக்கிறது.

ஒதுக்குகிற நண்பர்கள் கவிஞர்கள் என்பதால் கடைசியாக ஒன்று. 'இருள்', 'வெறுமை', 'மௌனம்' என்று வரிக்கு வரி தொங்கவிடுகிறீர்களே, அந்தத் துணிக்கு முன்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்? அதைச் சாப்பிட முடியுமா?