முதலில் கட்டம், வண்ணம் பிறகு



"ஒரு கதையைக் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து வா. கணினியிலோ கைப்பேசியிலோ செய்" என்று பள்ளியில் சொல்லி அனுப்பினால், பல வீடுகளில் முதலில் கிளம்புவது பணப் பேச்சுதான். தட்டைக் கணினி வேண்டுமாம், அதற்குத் தனியாக ஒரு பேனா வேண்டுமாம், ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகுமாம்! கிள்ளானிலிருந்து ரயிலேறி லோ யாட்டுக்கு ஓடுவதற்கு முன்னால், பிள்ளை செய்ய வேண்டியது என்ன என்று கொஞ்சம் பார்ப்போமே.

இதை ஆங்கிலத்தில் ஸ்டோரிபோர்ட் என்பார்கள். நம் பள்ளிகளில் மலாயில் பாப்பான் செரித்தா. கதைப்பலகை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 1930-களில் வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில், காட்சிகளைச் சின்னத் தாள்களில் கிறுக்கி, ஒரு பலகையில் வரிசையாகக் குத்திவைத்துப் பார்த்தார்கள். பிடிக்காத தாளைப் பிடுங்கிவிடலாம், இடம் மாற்றியும் குத்தலாம். பலகை என்ற பெயர் வந்தது அதனால்தான்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒரே ஓவியத்தை இரண்டு முறை காட்டிச் சமாளித்தாலும் 720 ஓவியங்கள் வேண்டும். வரைந்து முடித்த பிறகு "இந்தக் காட்சி சரியில்லை" என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆகவே, முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும்.

நம் நாட்டின் முதல் கார்ட்டூன் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்'. பிலெம் நெகாராவில் காட்சியமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர் அதை 1978-இல் உருவாக்கினார். மக்கள் பார்த்ததோ 1983-இல். கணினி இல்லாத காலம், எல்லாம் கைவேலை. உப்பின் இப்பின் பார்த்து வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அந்தச் சருகுமானையே எடுத்துக்கொள்வோம். ஆற்றுக்கு அக்கரையில் பழமரம். முதலைகளை வரிசையாக நிற்கச் சொல்லி, எண்ணுவதுபோல் அவற்றின் முதுகின்மேல் குதித்து ஆற்றைக் கடந்துவிடுகிறது. ஆறு கட்டங்கள் போதும். முதலாவதில் ஆறு முழுவதும் தெரிய வேண்டும். மான் சின்னதாக இருக்கட்டும். இரண்டாவதில் பழத்தைப் பார்க்கும் மானின் கண் மட்டும். மூன்றாவதில் தண்ணீருக்குமேல் முதலையின் இரு கண்கள். நான்காவதை மேலிருந்து பார்ப்பதுபோல் போட்டால்தான் வரிசை தெரியும். ஐந்தாவது, குளம்பு முதுகில் விழும் நேரம். ஆறாவதில் மான் அக்கரையில். ஏமாந்த முதலைகள் பின்னால்.

ஒன்றை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். மான் இடமிருந்து வலமாகப் போனால் கடைசிவரை அப்படியே போக வேண்டும். நடுவில் திருப்பிப் போட்டால், பார்ப்பவர்கள் அது வீட்டுக்குத் திரும்புகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்! ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே என்ன சத்தம், யார் பேசுகிறார், எத்தனை விநாடி என்று எழுத வேண்டும். மான் அழகாக இருக்க வேண்டியதில்லை. குச்சிக் கால் போதும். "எனக்கு வரைய வராது" என்று அழும் பிள்ளைக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். கைப்பேசியில் ஐபிஸ் பெயிண்ட் இலவசம்; விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் கணினி இருந்தால் கிரீட்டா, அதுவும் இலவசம். 2021-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கதைப்பலகைக்கென்றே ஒரு பகுதி சேர்த்தார்கள். விரலால் வரைந்தாலே போதும். இவற்றில் 'லேயர்' என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போன்றது. ஆற்றை ஒரு தாளில் வரைந்து, மானை இன்னொன்றில் வரைந்தால், ஆற்றைத் தொடாமல் மானை மட்டும் நகர்த்தலாம். அதே ஆற்றைப் படியெடுத்துக் கடைசிக் கட்டத்திலும் வைத்துக்கொள்ளலாம். பழைய கார்ட்டூன் படக்காரர்கள் ஒளி ஊடுருவும் தாளில் செய்ததும் இதுதான். வண்ணம் தீட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். வண்ணத்தில் இறங்கிய பிள்ளை முதல் கட்டத்திலேயே மூன்று நாளைக் கழித்துவிடும்.

கதையைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம் என்றால், பாட்டியிடம் அனுப்பிப் பாருங்கள். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். "இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனோம்" என்று பாட்டி ஒரே வரியில் சொல்லிவிடுவார். கேட்கிற பேரன் "ம்" என்று தலையாட்டிவிட்டுப் போவான். ஆனால் அவனே அதை வரைய வேண்டுமென்றால்? விளக்கை எங்கே கட்டியிருந்தீர்கள் பாட்டி? கத்தி எந்தக் கையில்? மங்கு மரத்தில் எப்படி நின்றது? மழை வந்தால் என்ன செய்வீர்கள்? இத்தனையும் கேட்காமல் ஒரு கட்டம்கூட நிரம்பாது.

பாட்டி பதில் சொல்லும்போது கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். கட்டத்துக்குக் கீழே எழுத வேண்டிய பேச்சு அதிலேயே கிடைத்துவிடும். வேலை முடிந்ததும் கட்டங்களை வரிசையாகப் பிடிஎஃப் கோப்பாக்கி, பெயரும் வகுப்பும் போட்டு ஆசிரியருக்கு அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் பாட்டியிடம் ஒருமுறை காட்டட்டும். கத்தியைத் தவறான பக்கம் பிடித்திருந்தால் அவர்தானே சொல்ல வேண்டும்!